படித்தேன் என்று சொன்ன புத்தகங்கள்

இன்று காலை ஒரு புத்தகம் மீன் வாசனையோடு கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர், பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு டவுனுக்கு வந்து மீன் விற்கும் அம்மா. நாலு வருஷத்துக்கு முன்னால் படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவரிடம் நீ கொடுத்தனுப்பிய கடற்கரைப் பறவைகள் புத்தகம் அது. மழையில் நனைந்து காய்ந்து, அட்டை அப்பளமாக வளைந்திருந்தது. இத்தனை நாள் வைத்துக்கொண்டதற்கு நீ திட்டுவாய் என்று அவருக்குப் பயம். கவுண்டரில் இருக்குமே அந்தப் பொண்ணு, இல்லையா என்று என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது என்று சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து போகும்போது, அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டார். அலமாரியைத் திறந்து, சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனவர் எழுதிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். சரியாகத்தான் கொடுத்தேனா என்று கேட்க நீ இல்லை. அவர் தெருமுனை திரும்பியதும் பின்னால் போய், லென்ஸ் தேய்க்கிற மெஷினை ஓடவிட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. நீ இருந்தால் அதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாய்.

நம் கடையைப் பற்றி உனக்கே எழுதுவது வேடிக்கைதான். ஆனாலும் எழுதும்போதுதான் எனக்கு எல்லாம் ஒழுங்காக ஞாபகத்துக்கு வருகிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் கவுண்டரில் நீ. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷினோடு நான். பத்தொன்பது வருஷம் அப்படியே ஓடியது. நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துப் படித்துப் பார்த்து, கை நீளம் போதாமல் போனதும் நம்மிடம் வருவார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு எழுத்து தெரிகிறதா என்று பார்க்க, எல்லாக் கடைகளிலும் ஓர் அட்டையை நீட்டுவது வழக்கம். பெரிய எழுத்தில் தொடங்கிப் பொடி எழுத்தில் முடியும் அட்டை. "அத எவன் படிப்பான், அதுல இன்னா இருக்குது" என்று சொல்லி, சேர்ந்த புதிதிலேயே அதை டிராயரில் போட்டு மூடிவிட்டாய். அதற்குப் பதிலாக ஒரு புத்தகத்தை நடுவில் திறந்து கையில் கொடுப்பாய். ஆளைப் பார்த்துத்தான் புத்தகம். ஒரு பக்கம் முடிந்ததும் சட்டென்று வாங்கிக்கொள்வாய். எழுத்து தெரிகிறதா என்று கேட்பாய். தெரிகிறது, அப்புறம் என்ன ஆனது என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி, கண்ணாடியோடு புத்தகத்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுவாய். முதலாளி ஆரம்பத்தில் முணுமுணுத்தார். புத்தகத்தைத் திருப்பித் தர வருகிறவர்கள் வீட்டில் இன்னொருவரையும் கண்ணாடிக்குக் கூட்டிவருவதைப் பார்த்த பிறகு, அலமாரியில் இரண்டு தட்டு உனக்கென்று ஒதுக்கிவிட்டார்.

ஒரு கொத்தனாருக்கு எறும்புகளைப் பற்றிய புத்தகம் கொடுத்தாய். மண்ணுக்கடியில் அவை அறை அறையாகக் கட்டுகிற வீட்டைப் படித்து அசந்துபோய், மறுவாரம் கூட வேலை செய்கிறவர்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். கணக்கில் தோற்ற மகனோடு பேச்சை நிறுத்தியிருந்த ஓர் அப்பாவுக்கு, கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம். மகனுக்குத்தானே கொடுக்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, பயம் அப்பாவுக்குத்தான் என்றாய். மாடிப்படியில் விழுந்து கால் உடைந்து வந்தவருக்கு, எலும்பு வைத்தியர் ஒருவர் தன் அனுபவங்களை எழுதிய புத்தகத்தைத் தருவாய் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புக் கதைகளைக் கொடுத்தனுப்பினாய். "ஒடைஞ்ச எலும்பப் பத்தி அவருக்கு நம்மள விட நல்லாத் தெரியும்டி" என்றாய்.

எல்லோருக்கும் சரியாகக் கொடுத்துவிட்டாய் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சொல்தாவை மறந்திருக்க மாட்டாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட், கையில் தொப்பி. பழைய துறைமுகத்தைப் பற்றிய ஒரு வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தாய். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். லென்ஸை மாற்றச் சொன்னாய். மாற்றினேன். தெரியவில்லை. மூன்று தடவை மாற்றினேன். கடையில் இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, தான் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரெஞ்சு மட்டும்தான், தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது என்று நின்றவர்களுக்குக் கேட்காதபடி உன்னிடம் மெல்லச் சொன்னார். உன் முகம் செத்துப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, அந்தப் பக்கத்தை நீயே படித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் அவர் வருவதும் நீ நாலு பக்கம் படிப்பதுமாக, அந்தப் புத்தகம் முடிய ஒரு வருஷம் ஆனது.

அவர் முதல் நாள் போன பிறகு தடுப்புக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றாய். "படிக்கலன்னு சொல்ல முடியாம ஒரு மனுசன நிக்க வச்சிட்டேன்டி. இனிமே யாரையும் அப்படி நிக்க வைக்கக் கூடாது" என்றாய். நான் மெஷினைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினேன். உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாய். எனக்குப் படிக்கத் தெரியும், படிக்கத்தான் பிடிக்காது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம் பத்தாவதோடு நின்றவள் நான். புத்தகம் என்றாலே பரீட்சை ஞாபகம்தான் வரும். பகல் முழுக்க லென்ஸ் விளிம்பையே உற்றுப் பார்த்த கண்ணுக்கு வீட்டுக்குப் போனால் டிவி பார்ப்பதே அதிகம். பத்து நாள் பைக்குள்ளேயே வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மரியாதைக்கு, நல்லா இருந்துச்சி என்றேன். உன் முகம் பூத்ததைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? அடுத்ததைக் கொடுத்தாய். அதுவும் நல்லா இருந்துச்சி.

பிறகு அதில் நான் கைதேர்ந்துவிட்டேன். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் கவுண்டரில் நின்று உன்னோடு பேசும்போது, மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொத்தனார் சொன்னதை ஒரு வாரம் கழித்து என் கருத்தாகச் சொல்வேன். டீ நேரத்தில் உன்னோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன், திறந்தே பார்க்காத புத்தகத்துக்கு முடிவு சரியில்லை என்று. ஒருநாள் நீ அசந்துபோய், என்னைப் போல ஆழ்ந்து படிக்கிறவளைப் பார்த்ததில்லை என்றாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். சொன்னால் நீ என்னோடு டீ குடிக்க வரமாட்டாய் என்று பயமாக இருந்தது. அந்தப் பத்து நிமிஷம்தான் என் நாளிலேயே நல்ல நேரம்.

உன் சிறுநீரகம் கைவிட்ட பிறகு, வாரத்தில் இரண்டு நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கை நடுங்கும். புத்தகம் பிடிக்க வழியில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு நான் துணைக்கு வந்தேன். இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன், கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "ஊருக்கெல்லாம் நான் சொன்னேன். நீ இத படின்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. நீ சொல்லு. உனக்குப் புடிச்சத எடுத்தாந்து எனக்குப் படிச்சிக் காட்டு."

எனக்குப் பிடித்தது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே யோசனை. கடைசியில் வீட்டு பீரோவிலிருந்து எலும்பு வைத்தியர் புத்தகத்தை எடுத்து வந்தேன். என் மகள் கை உடைந்த சமயத்தில் நீ எனக்கென்றே புதிதாக வாங்கிக் கொடுத்த பிரதி. கவுண்டரில் அதிகம் பேசப்பட்ட புத்தகமும் அதுதான், அதனால் எனக்குக் கேள்வி ஞானம் நிறைய. இரண்டு நாள் நன்றாகவே படித்தேன். ஊசியைச் சரிபார்க்க வந்த சிஸ்டர்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய், ஒரு தாய் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வருகிற இடம் இருக்குமே, அதைப் படி என்று. அங்கே அழுதுவிட்டதாக முன்பு ஒருமுறை உன்னிடம் நான் பொய் சொல்லியிருந்தேன்.

தேடினேன். ஆற்றங்கரை வரை வந்துவிட்டேன். அதற்கு அடுத்த இரண்டு தாள்களும் மேல் விளிம்பில் ஒட்டியிருந்தன. பைண்டிங்கில் வெட்டாமல் விட்டுப்போன மடிப்பு. யாரும் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. நகத்தால் கிழிக்கப் பார்த்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"பிரிக்கவே இல்லயா" என்றாய்.

இந்த ஒரு புத்தகத்தை மட்டும்தான் நான் படிக்கவில்லை என்று நினைத்திருப்பாய். எதையுமே படிக்கவில்லை என்றேன். எப்போதிலிருந்து என்று கேட்டாய். முதல் புத்தகத்திலிருந்து என்றேன். நீ திட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மீதி இரண்டு மணி நேரமும் உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உன் தம்பி போன் செய்தார். இனிமேல் தானே கூட்டிப்போவதாகவும் நான் சிரமப்பட வேண்டாம் என்றும் பக்குவமாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்க்காமலே உள்ளே போனாய், பார்க்காமலே வெளியே வந்தாய். இரண்டு தடவை அப்படி. உன் உடம்பு இருந்த நிலையில், நமக்குள் இதுவே கடைசியாகிவிடுமோ என்று பயந்தேன். அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மூன்றாம் தடவை சிஸ்டர் கதவைத் திறந்து, உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றார்.

"கோவம் இன்னும் போவல" என்றுதான் ஆரம்பித்தாய். தண்ணீர் கேட்டாய். உனக்கு அளந்துதான் தர வேண்டும், அரை டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாய்: "படுத்துக்கினு யோசிச்சிப் பாத்தேன். நான் எல்லாத்தையும் படிச்சி முடிச்சிட்டேன். உனக்கு எல்லாமே அப்படியே புதுசா இருக்குது. எனக்குப் பொறாமையா இருக்குதுடி."

நான் தேம்பித் தேம்பி அழுதேன். நீ சமாதானம் சொல்லவில்லை, பேப்பர் எடு என்றாய். பையில் இருந்த லென்ஸ் ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் நீ சொல்லச் சொல்ல எழுதினேன். ஏழு புத்தகங்கள். அந்த வரிசைக்கு உனக்கு நாலு டயாலிசிஸ் பிடித்தது. கணக்கை முதலில் வைத்தால் நான் ஓடிவிடுவேன் என்று நாலாவதாகத் தள்ளினாய். கப்பல் சமையல்காரரை முன்னால் கொண்டுவந்தாய், பிறகு பின்னால் தள்ளினாய். எலும்பு வைத்தியர் ஐந்தாவது. கடைசியில் உன் உயிரான நாவல், மூன்று தலைமுறையாகக் கிணறு வெட்டுகிற குடும்பத்தின் கதை. எனக்கு எது பிடிக்கும் என்று இவ்வளவு நேரம் யாரும் யோசித்ததில்லை. என்னைப் பெற்றவர்கள்கூட யோசித்ததில்லை. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் புத்தகம் எறும்பு. ஒன்பது நாளில் முடித்துவிட்டு வந்து உனக்குச் சொன்னேன். மாடு வளர்ப்பது போலச் சில எறும்புகள் பூச்சிகளை வளர்த்துப் பால் கறக்குமாம் என்றேன். பத்துப் பேருக்கு நீயே கொடுத்த புத்தகம். ஆனாலும் ஒன்றும் தெரியாதவள் போல அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இரண்டாவது புத்தகத்தில் பாதி வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் தம்பி போன் செய்தார்.

அதற்குப் பிறகும் வரிசையை மாற்றாமல் படித்தேன். கணக்குப் புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் போட்டுப் போட்டு அழித்திருக்கிறேன், நீ பார்த்தால் கத்துவாய். எலும்பு வைத்தியர் புத்தகத்தில் அந்த மடிப்பைக் கத்தரிக்கோலால் பிரித்தேன். அந்தத் தாய் ஆற்றைக் கடக்கும் இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. அதற்கடுத்த பக்கத்தில், கரையேறியதும் மகனுக்கு முதலில் தலை துவட்டுகிறாளே, அங்கே வந்தது. நான் பொய் சொன்ன இடம் ஒரு பக்கம் தள்ளிப்போய்விட்டது.

கிணற்று நாவலை நேற்று முடித்தேன். சொல்லவா? எழுதியவர், அந்தக் கிணறு வெட்டுகிறவனின் மனைவியை அம்போவென்று விட்டுவிட்டார். புத்தகம் முழுக்க அவள் சோறு கொண்டுவருவதும் பாத்திரத்தை எடுத்துப்போவதும்தான். தண்ணீர் ஊறிய அன்று ஊரே பேசுகிறது, மாட்டைப் பற்றிக்கூட இரண்டு வரி இருக்கிறது, அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரி கிடையாது. நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். கிடையாது. இதற்கா நீ ஒவ்வொரு தடவையும் அழுதாய்? உன்னிடம் பதில் இருக்கும், எனக்குத் தெரியும். டீ ஆறி ஆடை படியும்வரை சொல்வாய், நானும் விடமாட்டேன். அந்தச் சண்டையை யாரோடு போடுவது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குக் கேட்கப் பிடித்த அந்த 'நல்லா இருந்துச்சி'யை எழுதிவிட்டு முடிப்பது எனக்கு எளிது. எழுத மாட்டேன். உன் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.