படி வைத்த ஜீப்பு ஷெட்டு

போடி,
ஐப்பசி 14.

அன்பு மகள் முத்துப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மழை பிடித்ததிலிருந்து என் முழங்கால் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. புனேயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டிருக்கிறாள். தினம் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீ ஷெட்டைப் பற்றிச் சந்தோஷமாக நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், அதற்குமேல் எனக்கு வாய் வருவதில்லை. வருகிற திங்கட்கிழமை அந்த லாரிக் கம்பெனி வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கூரியரில் போடுகிறேன். வீட்டுக்குப் பின்னால் நீ வந்து ஜீப்பு வேலை பார்ப்பதற்காகக் கட்டிய ஷெட்டுக்குள் ஜீப்பு போகாது ஆத்தா. சைக்கிளைக்கூடத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

எப்படி என்று கேட்பாய், சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவன் கொல்லையில் ஷெட்டு கட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மணல் என்று ஒருத்தன் கொண்டுவந்து கொட்டினான், பாதி மண், பாதி சிப்பி, கேட்டால் இப்போது இதுதான் மணல் என்கிறான். வேலையாட்கள் குடித்த டீக் கப்பும் பாக்குப் பொட்டலமும் கொல்லை முழுக்க மிதக்கிறது. சுவர் நனைக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் கொசு. போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்து, வாசல் கிழக்கே வை, தெற்கே வைக்காதே என்று யோசனை சொல்லிவிட்டு ஒரு காபியும் குடித்துவிட்டுப் போகிறான். உன் பெரியப்பா உக்கிரபாண்டி இருக்கிறாரே, நேற்றுப் பூசிய சுவர் என்றுகூடப் பார்க்காமல் வெற்றிலையைத் துப்பி வைக்கிறார், செவ்வரளிப் பூப்போல ஒரு கறை, கழுவினாலும் போகவில்லை. இப்படி ஊரைத் திட்டிக்கொண்டே நாலு பக்கம் எழுதிவிடலாம், நேற்றுவரைக்கும் அப்படித்தான் மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் ஷெட்டைக் கெடுத்தது மணலும் இல்லை, கொசுவும் இல்லை, உன் அப்பாதான்.

நீ வரைந்து அனுப்பிய பிளானைப் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். வீட்டுச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, தரை மண்மட்டத்தோடு மட்டமாக, பத்தடி அகல வாசலுக்கு ஷட்டர், நடுவில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கக் குழி, இன்ஜின் தூக்க மேலே இரும்பு கர்டர், கழிவு ஆயில் வாய்க்காலில் கலக்காமல் இருக்கத் தனித்தொட்டி. இருபத்தெட்டு வருசம் மலை மேட்டுக்கு ஆள் ஏற்றி ஜீப்பு ஓட்டியவன் நான், அந்தப் பிளானைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஆவணியில் அஸ்திவாரத்துக்குக் கயிறு போட்ட அன்றைக்குக் கொத்தனார் திருப்பதி நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பெரியப்பா வந்து, "என்னடா கட்டப் போற?" என்றார். பிளான் என் கையில்தான் இருந்தது. என் மகள் வந்து ஜீப்பு வேலை பார்க்கப் போகிறாள் என்று சொல்ல வேண்டிய வாய் சொல்லவில்லை. "ஏலக்காய் வைக்க ஒரு குடோன் போடலாம்னுண்ணே" என்றேன். பிளானைச் சுருட்டி ஜீப்பு டேஷ்போர்டுக்குள் திணித்துவிட்டேன். நீளமும் அகலமும் மட்டும் வாயால் சொன்னேன்.

திருப்பதி நல்ல வேலைக்காரர். குடோன் என்றால் எப்படிக் கட்ட வேண்டுமோ அப்படிக் கட்டிவிட்டார். ஏலக்காய்க்கு ஓதம் ஏறக்கூடாது என்று மூன்றடி உயரத்துக்குப் பேஸ்மட்டம் போட்டு, மண் நிரப்பி, மேலே தரை போட்டார். வெளிச்சம் பட்டால் காய் பச்சை வெளுக்கும் என்று ஜன்னல் வைக்கவில்லை. மூட்டை தூக்குகிறவன் ஏறி இறங்க நாலு படி, மூன்றரை அடி வாசல். ஒவ்வொரு வரியாகச் செங்கல் ஏறும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் ஆத்தா. "அண்ணே, படி இம்புட்டு அகலம் போதுமா?" என்று அவர் கேட்டபோது, போதும் என்று தலையாட்டினேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கூரைத் தகரமும் ஏறிவிட்டது. உனக்கு அனுப்பிய போட்டோ எல்லாம் பின்பக்கச் சுவர், அதனால்தான் சூப்பரா இருக்குப்பா என்றாய். கூரை போட்ட மறுநாளே பெரியப்பா பதினாலு மூட்டையைக் கொண்டுவந்து உள்ளே அடுக்கிவிட்டார், ஏனென்று கேட்க எனக்கு வாய் ஏது. போடியில் பிறந்தவனுக்கு ஏலக்காய் வாசனை குமட்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு இப்போது அந்தக் கதவைத் திறந்தால் குமட்டுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாகச் சொல்லி என்ன. போன பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது குரங்கணி ரோட்டில் நம் ஜீப்பு நின்று போய், நாலு டிரைவர் கைவிட்டுவிட்டு நிற்க, நீதான் டீசல் பைப்பில் விரிசலைக் கண்டுபிடித்து ஓட வைத்தாய். நீ ஊருக்குப் போனபிறகு ஜீப்பு ஸ்டாண்டில் யார் சரி பண்ணியது என்று கேட்டார்கள், மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான் என்றேன். பத்து மாதமாகிறது, அந்த ஆளின் போன் நம்பரை இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் ஜீப்பைக் கொண்டுபோய் அந்தப் படிக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா வந்து பார்த்தாள். இத்தனை நாளும் அவளிடம், ஷட்டர் வந்ததும் முன்பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று சமாளித்து வைத்திருந்தேன். "ஜீப்பு படியேறுமாங்க?" என்றாள். "அவ வேலைய விட்டுப்புட்டு வந்து இந்தப் படியில உக்காந்து அழுகணுமா? வெரசா அவளுக்குச் சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்றேன்" என்றாள். ராத்திரி எனக்குச் சோறு போட்டுவிட்டு அவள் அடுப்படியிலேயே இருந்துகொண்டாள், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கே கண்ணாடி பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்று காலையில் படிக்குப் பூச்சு வேலை பார்க்கத் திருப்பதி வந்தார், மூட்டையைப் பார்க்கப் பெரியப்பாவும் வந்தார். சட்டியில் கலவை குழைத்தாயிற்று. இனி முடியாது என்று, படிக்குப் பூச்சு வேண்டாம், படியே வேண்டாம், இது என் மகள் ஜீப்பு பார்க்கக் கட்டினது, தரையை உடைக்கணும் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, "பொட்டப்பிள்ளைய வண்டிக்கு அடியில படுக்கப் போட்டு நீ கஞ்சி குடிக்கப் போறியாடா, த்தூ" என்று துப்பிவிட்டு, மூட்டையை எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை ஆத்தா. அவர் வாயைத் திறந்து சொன்னதைத்தான் நான் மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டு செய்திருக்கிறேன். திருப்பதி மட்டும் பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "குடோனுன்னு சொன்னீக, குடோன் கட்டுனேன். பிள்ளைக்குப் பட்டறைன்னு சொல்லியிருந்தா பட்டறை கட்டியிருப்பேன். இதச் சொல்லவாண்ணே மூணு மாசம்?" என்றார். அவ்வளவுதான். எந்தப் பேச்சுக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அது ஒரு துப்பலோடு முடிந்துவிட்டது. அதை ஆவணியிலேயே வாங்கிக்கொண்டிருக்கலாம்.

டேஷ்போர்டிலிருந்து பிளானை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்கிறார். தரையை உடைத்து உள்ளே நிரப்பிய மண்ணை வெளியே அள்ளி, முன்சுவரை வெட்டி மேலே பீம் கொடுத்து ஷட்டர் மாட்ட வேண்டும், பிறகு குழி. மண் போனால் நீ கேட்டதைவிட மூன்றடி உயரம் கூடுதலாகக் கிடைக்குமாம், இன்ஜினைத் தூக்கிப் பிடிக்க வசதி என்கிறார். மழை விட்டுவிட்டுப் பெய்வதால் கார்த்திகை முடிந்துவிடும். நீ வந்தாலும் சரி, என் மேல் வெறுத்துப் போய் வராவிட்டாலும் சரி, அந்தப் படியை நான் வைத்திருக்கப் போவதில்லை.

உன் கூடப் படித்த ராசிங்காபுரத்து அருணாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். பார்க்கப் போனவர்களில் நாலு பேர் அடுத்தது பையனாகப் பிறக்கும் என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்கள், அதில் உன் அப்பாவும் ஒருத்தன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீ அவளுக்கு ஒரு போன் போட்டு நல்லதாக நாலு வார்த்தை பேசு. வேலையில் கையுறை போடாமல் பேட்டரியைத் தொடாதே, ராத்திரி ஷிப்டு என்றால் கம்பெனி வண்டியில் மட்டும் வா. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, நம் கருப்பசாமி உன் கூடவே இருப்பார்.

கடைசியாக ஒன்றை மறந்துவிடாதே. திங்கட்கிழமை எதையும் எழுதிக் கொடுக்காதே. ஷெட்டு முடிந்துவிட்டது என்று நான் சொன்னாலும் கொடுக்காதே, இந்த விசயத்தில் உன் அப்பன் பேச்சை நம்பாதே. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல், அவள் வாசலில் நின்று வீடியோவில் காட்டட்டும், ஜீப்பு உருண்டு உள்ளே போவதை உன் கண்ணால் பார்த்தபிறகு எழுதிக் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஒச்சப்பன்.