செல்வி பெயர் பதித்த சோப்பு

14 செப்டம்பர் 2006, வியாழன்

தங்கை செல்வியின் வளைகாப்புக்குக் கொடுக்க, ரோஜாப்பூ அச்சில் அவள் பெயர் பதித்துச் சோப்பு செய்துகொண்டிருந்தேன். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவளை அண்ணன் இன்னும் தேடுகிறான். இன்று திடீரென்று வீட்டுக்குள் வந்தவன், சோப்பில் பெயரைப் பார்த்துவிட்டான்.

"அவ எங்கன இருக்கா? சொல்லுடி!"

காயவைத்திருந்த ரோஜாப்பூச் சோப்புகளையெல்லாம் செருப்புக் காலால் நசுக்கினான். என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். சோப்புக்குக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாத் தண்ணீர் கைக்கு எட்டியது; அதை அவன் கால்மேல் ஊற்றிவிட்டேன். அலறிக்கொண்டே தெருக்குழாய்க்கு ஓடினான்.

செல்விக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"இன்னைக்கே விருதுநகரை விட்டுக் கெளம்பிருங்க."

அழுதாள். பிறகு, "அண்ணனுக்கு ரொம்ப எரியுதாக்கா?" என்று கேட்டாள்.

"எரியட்டும்" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.