கசப்புப் பொட்டலம்

பதிவு 212 | காலை 07:10
வியாழனின் பனி நிலவு, யூரோப்பா நிலையம். எழுதுபவர் மங்கையர்க்கரசி, பனித்துளைப்புப் பொறியாளர்.

துளை நான்கு கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. காற்றழுத்தம் சரி. ஆட்கள் இருவர்: நான், மின்சாரம் பார்க்கும் தஸ்நேவிஸ். இருவரும் நலம்.

கனவுக்குல்லாய் பற்றித் தலைமையகம் கேட்ட அறிக்கை. குல்லாயை மாட்டிக்கொண்டு தூங்கினால், இது கனவு என்று தெரிந்தே கனவு காணலாம், நினைத்ததை வரவழைக்கலாம். நேற்று நான் தின்றே இராத துரியன் பழத்தை வரவழைத்தேன். முள்ளெல்லாம் அச்சு அசல். வாயில் போட்டால் பலாச்சுளையும் மாம்பழமும் கலந்த ருசி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சில நாள் கனவிலேயே எழுந்து, பல் துலக்கி, வேலைக்குப் போய்விடுவோம். குழப்பம் வந்தால் சுவைச் சோதனை செய்ய வேண்டும். ஆளுக்கு ஐந்து பொட்டலம் தந்திருக்கிறார்கள். ஒன்றைப் பிரித்து நக்க வேண்டும். அறியாத சுவை என்றால் விழிப்பு. அறிந்த சுவை என்றால் கனவு. கனவுதான் என்றால், அந்தக் கனவிலேயே கவசமில்லாமல் வெளிக்கதவைத் திறக்க வேண்டும், அதிர்ச்சியில் விழிப்பு வந்துவிடும். பயிற்சியில் இதைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வைத்தார்கள். பிரித்த சுவை மறுமுறைக்கு உதவாது. நான் முதல் மாதமே ஒன்றைப் பிரித்துவிட்டேன், சகிக்க முடியாத கசப்பு. தஸ்நேவிஸ் இன்னும் ஒன்றும் பிரிக்கவில்லை.

பதிவு 213 | காலை 06:25

தஸ்நேவிஸ் இறந்துவிட்டான். வெளிக்கதவு திறந்த எச்சரிக்கை மணி கேட்டு எழுந்து ஓடினேன். ஜன்னலில் தெரிகிறான். படிக்குக் கீழே, பனியில், பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் கிடக்கிறான். மேசையில் ஒரு பொட்டலம் பிரிந்திருக்கிறது. ஒலிப்பதிவில் அவன் குரல் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"யக்கா, மூணு தடவ முழிச்சேன், மூணும் கனவு. அதான் பொட்டலத்தப் பிரிச்சேன். இது எங்க உப்பளத்துத் தண்ணில்லா. உப்பு வாரின பொறவு பாத்தியில கெடக்குமே, அந்தக் கசப்பு. சின்னப்புள்ளையில எத்தன மடக்கு குடிச்சிருப்பேன். அப்ப இதுவும் கனவுதான். நான் முழிச்சிட்டு வாரேன்."

பதிவு 213 | காலை 08:40

பூமியிலிருந்து பதில். பேசியவர் திட்டப் பொறுப்பாளர் சக்ரபாணி.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. மனச்சோர்வுல எடுத்த முடிவுன்னு பதிவு பண்றோம். அவர் மனைவி ஜெனோவாவுக்கும் அப்படித்தான் சொல்லப்போறோம். உடல் வெளியவே இருக்கட்டும். நீங்க போய்த் தொடாதீங்க."

மனச்சோர்வா? முந்தின நாள் இரவுச் சாப்பாட்டில் என் பங்கு அப்பளத்தையும் பிடுங்கித் தின்றவனுக்கா? நீங்கள் சொல்லித்தந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தான் ஐயா, அதுதான் அவன் செய்த தப்பு. மனிதர் நாக்கு படாத சுவை இது என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முடிவு செய்தீர்கள். தூத்துக்குடி உப்பளத்தில் பிறந்த ஒருவனை அனுப்புகிறோமே, அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான்.

நான் இப்போது விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரிய வேண்டும். என் இரண்டாம் பொட்டலத்தில் என்ன சுவை? சொல்லுங்கள். சொன்னால் கெட்டுப்போகாது. கேட்டதை வைத்து நாக்கு எதையும் கற்றுக்கொள்ளாது.

பதிவு 213 | காலை 10:30

"மேடம், கோபப்படாதீங்க. அஞ்சு பொட்டலமும் ஒரே சரக்குதான். வேற வேற சுவைக்கு அனுமதி வாங்க அவகாசமில்ல. ஒண்ணு போதும்னு விட்டுட்டோம்."

விட்டுவிட்டீர்கள். நல்லது. உங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்றால் அப்படி விடுவீர்களா?

என்னிடம் இனிச் சோதனை இல்லை. இது கனவாக இருக்கலாம். கனவென்றால் அவன் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். வெளிக்கதவு வரை போய் நின்றேன். கைப்பிடியைப் பிடித்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

பதிவு 213 | பிற்பகல் 03:15

குல்லாயை மாட்டிக்கொண்டு தூங்கினேன். அவனை வரவழைத்தேன். வந்தான். "யக்கா, டீ போடுங்க" என்றான். கையைப் பிடித்துப் பார்த்தேன். காய்ப்புக் காய்த்த, பெருவிரல் வளைந்த கை. அது என் அப்பாவுடைய கை. தஸ்நேவிஸை நான் ஒருநாளும் தொட்டதில்லை. பாவி மனம், இருக்கிற கையை எடுத்து ஒட்டவைத்திருக்கிறது.

அப்போதுதான் புரிந்தது. பொட்டலம் எதற்கு? அவனே வெளியில் கிடக்கிறான். தொட்டுப் பார்த்தால் போதும். கனவாக இருந்தால், எனக்குத் தெரிந்த ஏதாவதொரு குளிரைத்தான் மனம் அவன் முகத்திலும் ஒட்டவைக்கும்.

தலைமையகம் மூன்று முறை அழைத்தது. "மேடம், வெளிய போகாதீங்க, இது உத்தரவு." ஒலியைக் குறைத்துவிட்டேன். கவசம் அணிந்துகொண்டு போகிறேன்.

பதிவு 213 | மாலை 05:50

தூக்கி வந்துவிட்டேன். இங்கே எடை குறைவு, குழந்தையைப் போல வந்தான். உள்கதவுக்கு அருகில் கிடத்தியிருக்கிறேன். கண் திறந்திருக்கிறது. பயந்த முகமில்லை. இதோ விழித்துவிடுவோம் என்ற முகம்.

கையுறையைக் கழற்றி அவன் கன்னத்தைத் தொடப்போகிறேன். தெரிந்த குளிராக இரு. தலைவலிக்கு நெற்றியில் வைத்த ஐஸ் போல இரு. மார்கழிக் குழாய்த் தண்ணீர் போல இரு. நான் காலையில் எழுந்து உன்னைத் திட்டிக்கொண்டே டீ போடுகிறேன்.

பதிவு 213 | மாலை 06:20

இடது கையால் எழுதுகிறேன். வலது கை விரல்கள் அவன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன, பிய்த்து எடுத்தபோது தோல் அங்கேயே தங்கிவிட்டது.

ஐஸ் இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. அடுப்பில் சுட்டுக்கொண்டதும் இல்லை. குளிர் சுட்டது, சுட்டபடியே எலும்புக்குள் போனது, பிறகு விரலே இல்லாத மாதிரி. தேடிப் பார்த்துவிட்டேன். என் நாற்பத்தோரு வயதில் இப்படி ஒன்று என்னிடம் கிடையாது.

சக்ரபாணி, ஜெனோவாவிடம் நான் பேசுகிறேன். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

சோதனை முடிவு: அறியாத உணர்வு. நான் விழித்திருக்கிறேன்.