எஸ்டேட் மணியும் ரேடியோ மணியும்

ஜூலை 3, 1978. திங்கள்

சாரல். காலையிலிருந்தே மலை கண்ணில் படவில்லை. போடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் டியூட்டி.

மேல் எஸ்டேட் ரைட்டர் போனில்: "யம்மா, புது மேனேஜர் மணிய மாத்தச் சொல்லிட்டாரு. வியாழக்கெழம சாயந்தரம் நாலரை அடிச்சதும் முள்ளத் திருப்பி நாலுல வைக்கணுமாம். இனி எங்களுக்கும் ரேடியோ மணிதான்."

தொழிலாளிகளைச் சீக்கிரம் கிளப்ப, ரேடியோ சொல்லும் ஊர் மணிக்கு முன்னால் ஓடும்படி மலையில் எஸ்டேட்டுக்கு ஒரு மணி. ஸ்விட்ச்போர்டுக்குப் பக்கத்தில் நான் ஒட்டிய அட்டையைத் திருத்தினேன்:

கீழ் எ. – ரேடியோ மணி.
நடு எ. – 20 நி. முன்னால்.
மேல் எ. – 30 நி. முன்னால். வியாழன் வரை.

அப்படியென்றால் வியாழன் அங்கே நாலேகால் இரண்டு தடவை வரும்! பக்கத்து சீட் சரோஜாவிடம் சொன்னேன். "ஒனக்கு வேற சோலி இல்ல" என்றாள். புளிசாதத்தில் உப்பு கூடிவிட்டது.

ஜூலை 5. புதன்

மேல் எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கிற பேச்சியம்மா ஜீப்பில் இறங்கி, நனைந்தபடி நேரே என்னிடம். சண்டை போட்டுப் பம்பாய் போன புருஷன் முருகனிடமிருந்து எட்டு மாதம் கழித்துக் கடிதம். வாசித்துக் காட்டினேன். 'வியாழக்கிழமை நம்ம எஸ்டேட் மணி நாலேகாலுக்கு ஆபீஸ் போனில் கூப்பிடுவேன். நீ வராவிட்டால் உனக்கு நான் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன்.'

"எந்த நாலேகால்க்கா?"

பழைய மணி என்றால் நமக்கு 3.45. மாற்றம் அவன் காதுக்கு எட்டியிருந்து புது மணி என்றால் 4.15.

"மூணரைக்கே வந்து நின்னுரு ஆத்தா. ரைட்டர்ட்ட நான் சொல்றேன்."

இப்படிக் கடிதம் எழுதுகிறவனை நாலு சாத்து சாத்த வேண்டும். இருந்தாலும் பேசத் தோன்றியதே, அது போதும்.

ஜூலை 6. வியாழன்

மழை. மலை லைன் நல்லவேளை உயிரோடு.

3.40. ஏலக்காய் வியாபாரி ஒருவர் மேல் எஸ்டேட் கேட்டார். "லைன் எங்கேஜ்டு." பொய்தான்.

3.45. இல்லை.

4.00. அங்கே முள்ளைத் திருப்பியிருப்பார்கள்.

4.15. இல்லை.

4.30. ரைட்டர்: "ஆபீசப் பூட்டணும்மா. இந்தப் புள்ள அழுதுக்கிட்டு நிக்கிது."

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு வந்த புதிதில் கழிக்க வேண்டிய அரை மணியைக் கூட்டிக் கூட்டி எத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறேன்! முருகனும் நாலேகாலோடு அப்படிக் கூட்டியிருந்தால்? 4.45.

"அண்ணே, இன்னும் கால் மணி நேரம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

4.46. மதுரை ஆபரேட்டர்: "போடியா? பம்பாய் பி.பி. கால். மேல் எஸ்டேட், பேச்சியம்மாகிட்ட மட்டும்."

இணைத்தேன். ஒட்டுக் கேட்கக் கூடாது. கேட்டேன்.

"பேச்சி... கோவமா?"

"மூணு நாலேகாலுக்கும் நின்னேன்யா. இன்னும் என்ன கோவம்?"