முப்பத்தோராவது பிள்ளையின் அளவு

தேஜான்,
9 மார்ச் 1984

பொராம் அம்மாவுக்கு,

நலம்தானே? இரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. இது அலுவலக விஷயம்.

பள்ளி மேசை நாற்காலிகளுக்குப் புது அளவுகள் வகுக்கும் வேலை எங்களிடம் வந்திருக்கிறது. இப்போது இருப்பவை பிள்ளைகளைப் பார்க்காமலே அறுத்த பலகைகள். பிள்ளைகளை அளந்து, அதற்கேற்பச் செய்து பார்க்கப் போகிறோம். உன் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்திருக்கிறேன். வகுப்பறைக்குள் போடும் செருப்பைக் கழற்றச் சொல்லி, நிமிர்ந்து உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை, இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை, உட்கார்ந்த பலகையிலிருந்து முழங்கைவரை அளக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். பெயரும் வயதும் எழுதி அனுப்பு.

நம் பொராம் எப்படி இருக்கிறாள்?

தே-கில்


சொபியோங் தீவு,
20 மார்ச் 1984

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம்.

தலைமையாசிரியர் கல்வி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து விசாரித்தார். மற்ற ஆறு பள்ளிகளும் நகரத்துப் பள்ளிகளாம். மூன்று மணி நேரம் படகில் வரவேண்டிய இந்தத் தீவு உங்களுக்கு எப்படி நினைவு வந்தது? நாற்காலி செய்யப் பிள்ளையின் பெயர் எதற்கு?

நாம் பிரிந்த பிறகு, அறுவடைத் திருநாளுக்கு ரெண்டே நாள் என்று பொராமை அழைத்துப்போய், மூன்று வாரம் அனுப்பாமல் வைத்துக்கொண்டீர்கள். வாசலில் நின்று கேட்ட என்னிடம் உங்கள் அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "குடும்பப் பதிவேட்டுல அவ எங்க வீட்டுப் பொண்ணு. கேக்குறதுக்கு நீ யாரு?" நீங்கள் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தாள்களை இணைத்திருக்கிறேன். பெயர் இல்லை, எண் மட்டும்.

வகுப்பாசிரியை,
மியோங்-ரான்


தேஜான்,
2 ஏப்ரல் 1984

பொராம் அம்மாவுக்கு,

அளவுகள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் இரண்டு முறை எண்ணினேன், முப்பது தாள்தான் இருக்கிறது. உன் வகுப்பில் முப்பத்தொரு பேர். அன்று யாருக்கோ காய்ச்சல் போலிருக்கிறது. அந்த ஒன்றையும் அனுப்பிவிடு. தாள் இல்லாமல் ஒன்று கூடுதலாகக் கேட்டால் மேலதிகாரி, "அதுல யாருய்யா உக்காருவா, ஆவியா?" என்கிறார்.

தே-கில்


சொபியோங் தீவு,
11 ஏப்ரல் 1984

அலுவலர் அவர்களுக்கு,

யாருக்கும் காய்ச்சல் இல்லை. முப்பது போதும்.

மியோங்-ரான்


சொபியோங் தீவு,
7 ஜூன் 1984

அலுவலர் அவர்களுக்கு,

மேசை நாற்காலிகள் வந்து சேர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், முப்பதுதான்.

வகுப்பிலேயே குட்டையான ஓக்-நாம் உட்கார்ந்த உடனே, "டீச்சர், என் கால் தரையில படுது!" என்று கத்தினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றிப் பார்த்தார்கள். பொராம் மட்டும் பழைய பெஞ்சில். இருப்பவர்களில் அவள்தான் உயரம். முழங்கால் மேசையின் அடியில் இடிக்கிறது என்று உடம்பை ஒருக்களித்து உட்கார்ந்து எழுதுகிறாள்.

வீட்டுக்கு வந்ததும், "என்னை மட்டும் ஏம்மா அளக்கல?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன்.

"பொய். நீ எதையும் மறக்க மாட்ட."

முப்பது போதும் என்று எழுதியது நான்தான்; ஆனால் முப்பத்தொரு பேர் என்று தெரிந்தும், எனக்குப் பாடம் கற்பிக்கத்தான் ஒன்றைக் குறைத்து அனுப்பினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

மியோங்-ரான்


தேஜான்,
16 ஜூன் 1984

மியோங்-ரான்,

குறைத்து அனுப்பவில்லை. தாளுக்கு ஒன்றுதான் செய்ய விட்டார்கள். ஆனால் நீ சந்தேகப்பட்டது சரி. பட்டியலில் இருந்தவை ஆறு பள்ளிகள்தான். ஏழாவதை நான்தான் கெஞ்சிச் சேர்த்தேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு வர அல்ல. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரிய வேண்டும். நேராகக் கேட்டால் பதில் வராது என்று நாற்காலியைச் சாக்காக வைத்தேன். அந்தத் திருநாளில் அம்மா பேசியபோது வாய் திறக்காமல் நின்றேனே, அதற்கு என்ன சாக்குச் சொல்வது? தப்புதான்.

மூன்று எண்களை மட்டும் எழுதி அனுப்பு. மரப்பட்டறையில் நானே செய்து அனுப்புகிறேன். நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை.

தே-கில்


சொபியோங் தீவு,
27 ஜூன் 1984

பொராம் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பிறகு பொராமிடமே கொடுத்தேன். பள்ளியில் அவள் பட்ட அவமானம் என் சந்தேகத்தால் வந்தது. மறைக்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

இரண்டு முறை படித்தாள். "அளக்குறதுன்னா அவரே வந்து அளக்கட்டும்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நம்பி எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஜூலை ஏழாம் தேதி சனிக்கிழமை காலைப் படகில் வாருங்கள். அளப்பது பள்ளியில், தலைமையாசிரியர் முன்னால். வீட்டுக்கு அழைக்க மாட்டேன். மாலைப் படகில் திரும்பிவிட வேண்டும். கூட உங்கள் அம்மா வந்தாலோ, கையெழுத்துக்கென்று ஏதாவது காகிதம் கொண்டுவந்தாலோ, படகுத்துறையிலிருந்தே பிள்ளையைத் திருப்பி அழைத்துப்போய்விடுவேன்.

வேகமாக வளர்கிறாள். அளவைச் சற்றுத் தாராளமாகவே எடுங்கள்.

இன்னொன்று. அன்று முழுக்க அவள் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கலாம். அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டு வாருங்கள்.

மியோங்-ரான்