வக்கீலிடம் நான் சொன்னது

ஷெப்பர்ட்டன்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தோழி லாங்கிக்கு,

மில்டுரா வெயிலில் நீயும் அத்தையும் தம்பிகளும் உடல் நலத்தோடு இருக்கிறீர்களா? ஆண்டவர் உங்கள் புது வீட்டின்மேல் கண் வைத்திருக்கட்டும். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்ததற்கு நன்றி.

மூன்று முறை உன் எண்ணை அழுத்தினேன். நீ எடுத்துவிடுவாயோ என்ற பயத்தில் நானே துண்டித்துவிட்டேன். என்னை உனக்குத் தெரியாதா? வகுப்பில் எனக்கு விடை தெரிந்தால் கை தூக்குவது நீதான். "எசேட்டாவுக்குத் தெரியும் மிஸ், வாய்தான் வராது" என்று சொல்லிச் சிரிப்பாய். அந்த வாய் ஒரே ஒரு இடத்தில் தாராளமாக வந்துவிட்டது.

அப்பாவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இடது முழங்கால் இனி மடங்காதாம். குச்சி ஊன்றித் தபால் பெட்டி வரை போய் வருகிறார். கோயிலில் பாடகர் வரிசையின் ஓரத்தில், நடைபாதையில் காலை நீட்டி உட்காருகிறார். பிரசங்கம் நீண்டுவிட்டால் குச்சியால் தரையைத் தட்டுகிறார். பாஸ்டரும் முடித்துவிடுகிறார். அது ஒன்றுதான் இந்த விபத்தால் சபைக்குக் கிடைத்த நன்மை என்று அம்மா சொல்கிறாள். நான் பள்ளியை விட்டுவிட்டு அவர் வேலை பார்த்த பழக் கிடங்குக்கே வேலைக்குப் போகிறேன். நாள் முழுக்கப் பேரிக்காய்களுக்கு வில்லை ஒட்டுகிறேன். அங்கே பேச வேண்டியதில்லை.

உனக்குத் தெரிந்ததையே இனி எழுதப் போகிறேன். எந்த இடத்தில் தவறினேன் என்பதை வரிசையாகச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

உன் அப்பா ஓட்டிய ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் என் அப்பாவைப் பெட்டி அடுக்கோடு சேர்த்து நசுக்கிய மூன்றாம் நாள் விடியற்காலை, நீங்கள் எல்லோரும் எங்கள் வாசல் புல்லில் வந்து உட்கார்ந்தீர்கள். நம் தீவு வழக்கப்படி மன்னிப்புக் கேட்க, உன் அப்பா தலைமேல் நல்ல பாயைப் போர்த்தியிருந்தார். நீ அவருக்குப் பின்னால் குனிந்திருந்தாய். எதிர்வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்று, "யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டாரே, அப்போது உன் தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ சிரித்தது எனக்கு மட்டும் தெரியும்.

அம்மா மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அப்பா சொன்னது இதுதான்: "இன்னும் வெளியிலயா உக்கார வச்சிருக்க? பாயை எடுத்துட்டு உள்ள கூட்டிட்டுப் போ. பனியில அவனுக்கு முதுகு பிடிச்சுக்கும்." அம்மா போய்ப் பாயை விலக்கினாள். மன்னிப்பு கொடுத்தாயிற்று, அதோடு அது முடிந்தது. நம் ஆட்களுக்கு அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.

வக்கீல் வைக்கலாம் என்று அம்மா சொன்னபோது அப்பா கோபப்பட்டார். "பாயை விலக்கியாச்சு. இனி யார் மேல கேஸு?" என்றார். "வண்டி ஓட்டின உவெலேசே மேலயா போடச் சொன்னேன்? பிரேக் கெட்ட வண்டியை ஓட்ட வச்ச கம்பெனி மேலதான். காலு உங்களோடது, பெருந்தன்மை மட்டும் ஊருக்கா?" என்றாள் அம்மா. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் அவளுடைய வாயாக நான் போனேன்.

வக்கீல் அம்மாள் பெயர் பாஸ்கோ. நல்லவர். எனக்குத் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார். சொன்னேன். அவர் உன் அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. அதனால் கேட்காததையும் சொன்னேன். குடும்பத்தோடு விடியற்காலையில் எங்கள் வாசலில் வந்து தலை குனிந்தார், தப்பு என்று அவரே சொல்லி மன்னிப்புக் கேட்டார், எங்களுக்குள் ஒரு வருத்தமும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வேகவேகமாக எழுதிக்கொண்டார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டது அதுவே முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, லாங்கி. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வக்கீல் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தில், ஓட்டியவர் தன் தவற்றை ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி இருந்தது. கம்பெனி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது. வண்டியில் குறையே இல்லை, எடுக்காதே என்று சொல்லியும் அவராகவே ஓட்டினார், அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று பதில் எழுதி, உன் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தியது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் உன் அப்பா என் அம்மாவிடம், "பாயை எடுத்துட்டு முதுகுலயே குத்திட்டீங்களேக்கா" என்றார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற எனக்குப் புரிந்தது. அப்போதாவது நான்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். அடுத்த வாரம் உங்கள் வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை, நீங்களும் இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "மன்னிப்புக் கேட்டவன்கிட்ட ரசீது வாங்கிட்டு வந்துட்டியே, மகளே" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

போன வாரம் நான் தனியாகவே வக்கீலிடம் போனேன். பாய் என்றால் என்ன என்று முதலிலிருந்து சொன்னேன். அவர் தன் பழைய குறிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு, "எங்க பக்கம் தப்பு செஞ்சவன்தாம்மா மன்னிப்புக் கேப்பான்" என்றார். "எங்க பக்கம், கை பட்டவனும் கேப்பான்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இந்த முறை எனக்குச் சந்தோஷமாக இல்லை.

இனி எழுதப் போவதை மறைத்தால் இன்னொரு தவறாகிவிடும். பிரேக் சரியில்லை என்று உன் அப்பா மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னதும், முதலில் லாரியில் சரக்கை ஏற்று என்று அவர் விரட்டியதும் என் அப்பாவுக்குத் தெரியும். ஆனால் அதை உன் அப்பா தன் வாயால் சொன்னால்தான் கேஸ் நிற்குமாம். சொன்னால் அவர் பெயரும் துலங்கும். சொல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு கேஸின் கெடு முடிந்துவிடும், அப்பாவின் காலுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வக்கீல் தானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். "முதல்ல பாய், அப்புறம்தான் பேப்பர்" என்றேன். அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் காத்திருக்கிறார்.

சனிக்கிழமை விடியற்காலை நாங்கள் உங்கள் வாசலுக்கு வருகிறோம். அம்மாவின் கல்யாணப் பாயை எடுத்து வருகிறோம். கேஸைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேச மாட்டோம். உன் அப்பா பாயை விலக்கி எங்களை எழுப்பிவிட்டு, பேப்பரைத் தொட மாட்டேன் என்று சொன்னாலும் அது அவர் விருப்பம். வெயில் ஏறியும் யாரும் கதவைத் திறக்காவிட்டால், நாங்களே எழுந்து போய்விடுவோம்.

பாயின் கீழே நானே உட்காருகிறேன் என்று சொன்னேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் கேஸு, என் தலை" என்கிறார்.

அதனால்தான் உனக்கு முன்கூட்டியே எழுதுகிறேன். அவரால் சம்மணம் போட முடியாது. இடது கால் உங்கள் கதவைப் பார்த்து நீண்டுதான் இருக்கும். நம் ஆட்களிடையே அது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்று நீட்டவில்லை என்று உன் அப்பாவிடம் எனக்காக ஒரு முறை சொல். பாயை அந்தக் காலின் மேலும் நான் இழுத்து விடுகிறேன்.

உங்கள் வீட்டில் சமாதானம் தங்கட்டும்.

என்றும் உன்,
எசேட்டா