புது மண்டபத்துப் படிகள்

வெள்ளவத்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சுகத்தையும் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்பட வேண்டாம்.

ஞாயிறு இங்கே நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. தலைவர் குலவீரசிங்கம் ஊரிலிருந்து வந்து, ஒரு வருட வேலைகளைத் திரையில் காட்டினார். வாசற்படிகளோடு புது மண்டபத்தின் படம் வந்ததும், "இனி ஊரில எல்லாருக்கும் இடமிருக்கு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்து கேட்டேன்: "சக்கர நாற்காலியில இருக்கிற என்ர அப்பா இந்தப் படியில எப்பிடி ஏறுறது?"

"அவர் ஒரு குறையும் சொல்லேல்லையே, பிள்ளை. திறப்பு விழாவை வெளியில இருந்து சந்தோசமாப் பாத்தவர்" என்றார் தலைவர்.

"அவரை வெளியில விட்டது நீங்கள்தானே!" என்று கத்திவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாமி, "பிள்ளைக்கு மறுமொழி சொல்லுங்கோ" என்றார். கடைசியில், பொங்கலுக்கு முன் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் கட்டுவதாகத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்.

உங்கள் மேலும் கோபம்தான். திறப்பு விழாவன்று வெயிலில் வாசலில் இருந்ததை ஏன் எனக்குச் சொல்லவில்லை?

யாராவது கொழும்புக்கு வந்தால் அம்மாவின் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். தனியே இருந்து சாப்பிடச் சோறு இறங்குவதில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

சாய்தளம் கட்டி முடிந்ததும் உங்களை அதில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். நன்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்
கஜானி